உஷாவுக்குப் பின்னால் வந்தவர்கள்

ஜனவரி மாதம் வந்துவிட்டால் மெல்போர்னில் எல்லோரும் டென்னிஸ் நிபுணர்கள். டிராமில், லிஃப்டில், காப்பி வாங்கும் வரிசையில், எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் யாருடைய பேக்ஹேண்டையாவது திருத்திக்கொண்டிருப்பார். ராக்கெட்டைக் கையால் தொடாதவர்கள்தான் இதில் அதிகம். அடியேனும் அந்த ரகம்தான்.

எங்கள் ஆபீஸில் ஒரு பழைய வழக்கு உண்டு. வருஷா வருஷம் தூசி தட்டி எடுப்பார்கள். ஸ்டெஃபி கிராஃப் உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆளா என்பதுதான் வழக்கு. 22 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வாங்கியவரைப் பார்த்து இதென்ன கேள்வி என்கிறீர்களா? எதிர்க்கட்சி வக்கீலின் வாதம் இது. 1993 ஜனவரியில் இதே மெல்போர்ன் ஃபைனலில் கிராஃபைத் தோற்கடித்தவர் மோனிகா செலஸ். 20 வயது ஆவதற்குள் 8 பட்டம். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 30 அன்று ஹாம்பர்கில், ஆட்ட இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முதுகில் ஒருவன் கத்தியைப் பாய்ச்சினான். கிராஃபின் வெறியன். செலஸ் மறுபடி ஆட வருவதற்கு 1995 ஆகஸ்ட் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் கிராஃப் வாங்கிய பட்டம் 6. இந்த 6-ஐ எப்படி எண்ணுவது?

கழிக்கக் கூடாது, ஆனால் சொல்லாமல் மறைக்கவும் கூடாது என்பது என் கட்சி. எதிரே நின்றவரைத்தான் ஒருவர் ஜெயிக்க முடியும். நிற்காதவரை எப்படி ஜெயிப்பது? அதற்காக எதிரே யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்று பார்க்காமல் வெறும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஆடுவதும் போங்குதான்.

இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், "உங்கள் நாட்டில் இப்படி ஒரு பெண் யார்?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, பி.டி.உஷா என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தெரியுமே! எங்கள் லிடியாவிடம் தோற்றவர்தானே!"

லிடியாவை ஜெயித்தவர் என்றுதான் எங்கள் தெருவில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் :-)

எங்கள் தெரு என்பது திருவனந்தபுரம் வலியசாலை. சாலைக் கம்போளத்தின் மிளகாய் நெடியைத் தாண்டி வந்தால் காந்தளூர் மகாதேவர் கோவில், அதை ஒட்டிய தமிழ்க் குடும்பங்களின் வீட்டு வரிசை. மலையாளிகளுக்கு நாங்கள் பட்டர்கள். மதுரைப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் மலையாளத்துக்காரர்கள். இரண்டு பக்கமும் முழுசாகச் சேர்த்துக்கொள்ளாத எங்களுக்கு, உஷா ஓடும் அன்று மட்டும் எந்தக் குழப்பமும் கிடையாது. பையோளியிலிருந்து வந்து, கண்ணூர் ஸ்போர்ட்ஸ் ஸ்கூலில் நம்பியார் சாரிடம் ஓடப் பழகிய பெண், எங்காத்துப் பெண். லாஸ் ஏஞ்சலீஸில் கஞ்சியும் கடுமாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் ஓடினேன் என்று பின்னாளில் அவரே பேட்டியில் சொன்னபோது, பாதி வலியசாலை கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும். கடுமாங்காய் எங்களுக்கு ஊறுகாய் இல்லை, உறவு.

அந்த லாஸ் ஏஞ்சலீஸ் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1984 ஆகஸ்ட், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போயிற்று. யாரோ ஃபால்ஸ் ஸ்டார்ட் செய்து உஷாவின் தாளம் கெட்டது, கடைசி அடியில் மார்பை முன்னால் தள்ளத் தெரியவில்லை, இன்னும் என்னென்னவோ. நாற்பது வருஷமாக இந்த ஒப்பாரி நிற்கவில்லை. எனக்கு என்ன குறை என்றால், அந்த ரேஸின் முழு ரிசல்டை யாரும் படிப்பதில்லை. படித்துப் பாருங்கள்.

மொராக்கோவின் நவால் எல் முத்தவாக்கில் 54.61. அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20. ருமேனியாவின் கொஜொகாரு 55.41. உஷா 55.42. இதோடு நிறுத்திவிட்டுத்தான் எல்லோரும் அழுவார்கள். அடுத்த வரியில் இருக்கிறது விஷயம். ஐந்தாவதாக வந்த ஸ்வீடனின் ஆன்-லூயிஸ் ஸ்கோக்லுண்டின் நேரம் 55.43.

ஆமாம், உஷாவுக்குப் பின்னாலும் அதே நூறில் ஒரு பங்குதான். ஸ்கோக்லுண்ட் சாதாரண ஆள் இல்லை. 1982-ல் இதே ஓட்டத்தில் ஐரோப்பிய சாம்பியன். அவருக்கும் ஆறாவதாக வந்த ஆஸ்திரேலியப் பெண்ணுக்கும் நல்ல இடைவெளி. அந்தப் பெண்ணின் பெயர் டெபி ஃபிளின்டாஃப், இந்த மெல்போர்ன்காரர். நேரம் 56.21. நான்கு வருஷம் கழித்து, 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் இதே 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கினார், டெபி ஃபிளின்டாஃப்-கிங் என்ற பெயரில். எத்தனை வித்தியாசத்தில் தெரியுமா? அவர் 53.17, சோவியத் யூனியனின் லெடோவ்ஸ்கயா 53.18. நூறில் ஒரு பங்கு. கடைசி அடியில் எட்டிப் பிடித்தார். இந்த ஊர்க்காரர்களிடம் அந்த நூறில் ஒன்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

ஆக, அன்றைக்கு உஷாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடிவந்தவர்களில் ஒருவர் முன்னாள் ஐரோப்பிய சாம்பியன், இன்னொருவர் வருங்கால ஒலிம்பிக் சாம்பியன். உஷாவோ தடை ஓட்டத்துக்குப் புதுசு, ஸ்பிரின்டராகவே வளர்ந்தவர். இதை ஒரு சாதனையாக நினைத்துச் சந்தோஷப்பட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கொஜொகாரு ஒருத்தியையே பார்த்துக்கொண்டு ஒரு தலைமுறை ஓடிவிட்டது.

இப்போது கிராஃபுக்குக் கேட்ட கேள்வியை உஷாவுக்கும் கேட்க வேண்டும். நம்மவர் என்பதால் சலுகை கிடையாது. அன்றைக்கு யார் வரவில்லை? சோவியத் யூனியனும் கிழக்கு ஜெர்மனியும் வரவில்லை. 1984 ஒலிம்பிக்ஸை அவர்கள் புறக்கணித்தார்கள். 400 மீட்டர் தடை ஓட்டம் அப்போது கிட்டத்தட்ட சோவியத் பெண்களின் குடும்பச் சொத்து. அந்த ஜூனில்தான் பொனமர்யோவா 53.58 என்ற உலக சாதனை செய்திருந்தார். லாஸ் ஏஞ்சலீஸ் தங்கத்தை விட ஒரு நொடிக்கும் மேல் வேகம். 1983 ஹெல்சிங்கி உலகப் போட்டியிலும் தங்கம், வெள்ளி இரண்டும் சோவியத்துக்கே. அவர்கள் வந்திருந்தால் உஷா ஃபைனலுக்குப் போயிருக்கலாம், நான்காம் இடம் கிடைத்திருக்காது. வெண்கலம் கிடைக்காத துக்கத்தோடு இந்தக் கசப்பையும் சேர்த்து விழுங்கத்தான் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை, சோவியத் அணியைச் சேர்ந்த நாடுகளில் புறக்கணிப்பை மீறி வந்த ஒரே நாடு ருமேனியா. அங்கிருந்து வந்த பெண்தான் அந்த நூறில் ஒரு பங்கைக் கொண்டுபோனார். விதி என்று சொல்வதற்கு எனக்கு விருப்பமில்லை, ஆனால் எங்கள் பாட்டி சொல்லியிருப்பாள்.

ஆக ஒலிம்பிக்ஸை வைத்து உஷாவை ரொம்பத் தூக்கவும் முடியாது, ரொம்ப இறக்கவும் முடியாது. அவரை எடைபோட வேண்டிய தராசு ஆசியா. அங்கேதான் பிலிப்பைன்ஸ்காரர் காத்துக்கொண்டிருக்கிறார்.

லிடியா டி வேகா. உஷாவுக்கு ஏறக்குறைய அதே வயசு. நம்மூரில் உஷா எப்படியோ அங்கே லிடியா அப்படி. கணக்கைப் பார்ப்போம். 1982 டெல்லி ஆசியப் போட்டி, 100 மீட்டர்: லிடியா தங்கம், உஷா வெள்ளி. (200 மீட்டரிலும் உஷாவுக்கு வெள்ளிதான், அதில் முந்தியவர் ஜப்பானின் இசோபே.) 1983 குவைத் ஆசிய சாம்பியன்ஷிப்: 100, 200 இரண்டும் லிடியாவுக்கு, உஷா 400-ல் தங்கம். அதுவரை குறுகிய ஓட்டங்களில் லிடியாதான் ராணி, சந்தேகமே இல்லை.

அப்புறம் 1985 ஜகார்த்தா. 100, 200, 400, 400 தடை, 4x400 தொடர் ஓட்டம் என்று ஐந்து தங்கம். கூட 4x100-ல் ஒரு வெண்கலம். லிடியாவும் அங்கே ஓடினார். 100-ஐயும் 200-ஐயும் உஷாவிடம் விட்டுக்கொடுத்தார். ஒரே போட்டியில் ஒரே பெண் இத்தனை விதமான ஓட்டத்தில் ஜெயிப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று புரிய ஓடிப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. பஸ் பிடிக்க நூறு மீட்டர் ஓடியவர்களுக்கே புரியும். 100-க்கு வேண்டிய உடம்பு வேறு, 400 தடைக்கு வேண்டிய மூச்சும் காலெண்ணிக்கையும் வேறு. காலையில் ஹீட்ஸ், சாயங்காலம் ஃபைனல், நடுவில் அடுத்த ஓட்டத்தின் ஹீட்ஸ்.

1986 சியோல் ஆசியப் போட்டி எனக்கே ஞாபகம் இருக்கிறது. தெருவில் டி.வி. இருந்த ஒரு வீட்டில் வாசல்திண்ணை வரை கூட்டம். 100 மீட்டரில் லிடியா 11.53, உஷா 11.67. தெருவே செத்த வீடு மாதிரி ஆயிற்று. பிறகு 200 மீட்டர். உஷா 23.44, லிடியா 23.47. மூன்றே நூறில் பங்கு. அடுத்து 400, 400 தடை, தொடர் ஓட்டம். அந்தப் போட்டியில் இந்தியா மொத்தம் வாங்கியதே 5 தங்கம், அதில் நான்கில் உஷாவின் கால் இருந்தது. ஐந்தாவது மல்யுத்தத்தில் கர்தார் சிங்.

1987 சிங்கப்பூரில் 100, 200 இரண்டையும் லிடியா மறுபடி எடுத்துக்கொண்டார். உஷாவுக்கு 100-ல் வெள்ளி.

கூட்டிப் பார்த்தால் என்ன வருகிறது? பெரிய போட்டிகளின் 100 மீட்டரில் லிடியா நான்கு, உஷா ஒன்று. பிலிப்பைன்ஸ்காரர் சொன்னது பொய்யில்லை. ஆசியாவின் மிக வேகமான பெண் என்ற பட்டத்தை அந்தக் காலத்தில் ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் நான் லிடியாவுக்குத்தான் கொடுப்பேன். (இதைப் படிக்கும் வலியசாலைக்காரர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது என்னை அடிக்க வேண்டாம்.) ஆனால் லிடியா தன் எல்லைக்குள் நின்றவர். உஷா அவருடைய எல்லைக்குள்ளே போய், அவருடைய ஓட்டத்தில் அவரோடு மோதி, பாதி நேரம் ஜெயித்து, மீதி நேரம் வெள்ளி வாங்கி, அதே வாரத்தில் தன்னுடைய ஓட்டங்களையும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர். 400 மீட்டருக்கு லிடியா வந்து உஷாவோடு மோதவில்லை. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிசாகப் படுகிறது.

"ஏஷ்யாவிலே ஓடறது ஒரு ஓட்டமாடா? அங்கே யாராக்கும் இருக்கா?" என்பார் எங்கள் அத்திம்பேர். சர்க்கார் உத்தியோகம், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து உலகத்தையே பெயில் போடுவார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தைவானின் சீ செங் 1968 மெக்சிகோவில் 80 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினார். 1970-ல் 100, 200 மீட்டர்களில் உலக சாதனையே செய்தார். அவரோடு ஒப்பிட்டால் உஷாவும் லிடியாவும் ஒரு படி கீழேதான். அதே 1970-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் சீ செங் காயத்தால் விழ, 400 மீட்டர் தங்கம் நம் கமல்ஜீத் சந்துவுக்கு வந்தது. ஆசியப் போட்டியில் தனிநபர் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். யார் நின்றார்கள், யார் விழுந்தார்கள் என்ற கேள்வி எல்லாக் கதையிலும் ஒட்டிக்கொண்டு வரும், விடாது.

ஆனால் அத்திம்பேருக்கு ஒரு பதில் அவர் வீட்டு வாசலிலேயே இருந்தது. உஷாவின் போட்டியாளர்கள் மணிலாவில் மட்டும் இல்லை, கேரளத்திலேயே இருந்தார்கள். 1982-ல் ஆசிய 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர் யார்? எம்.டி.வல்சம்மா, கண்ணூர் ஜில்லா. லாஸ் ஏஞ்சலீஸுக்கு முன்னால் உஷா அந்த ஓட்டத்துக்கு வந்தபோது முந்த வேண்டியிருந்தது இந்த ஆசிய சாம்பியனைத்தான். 1986 சியோலில் 400 மீட்டரில் உஷாவுக்குப் பின்னால் வெள்ளி வாங்கியவர் யார்? இடுக்கி ஜில்லா ஷைனி ஆபிரகாம், பின்னாளில் ஷைனி வில்சன். அதே சியோலில் 800 மீட்டரில் முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஷைனி, லேனை முன்கூட்டியே மாற்றிவிட்டார் என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அந்தத் தங்கம் கொரியாவின் லிம் சுன்-ஏவுக்குப் போயிற்று. நூறில் ஒரு பங்குக்கு அழுகிறவர்கள் இதற்கு ஒரு சொட்டு விட்டதாக நான் பார்க்கவில்லை. ஒலிம்பிக்ஸ் அரையிறுதிக்குப் போன முதல் இந்தியப் பெண் ஷைனி. 1992 பார்சிலோனாவில் இந்தியக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்த முதல் பெண்ணும் அவர்தான்.

லாஸ் ஏஞ்சலீஸ் 4x400 ஃபைனலில் ஓடிய இந்தியப் பெண்கள் நால்வர்: வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி, உஷா. நாலில் மூன்று பேர் மலையாளிகள். ஏழாவதாக வந்தார்கள், ஆசிய சாதனை நேரத்தில். காலையில் எதிராளி, சாயங்காலம் கட்டையைக் கையில் வாங்கிக்கொள்ளும் தோழி. டென்னிஸில் இது கிடையாது. கிராஃப் செலஸிடம் எதையும் கைமாற்ற வேண்டியதில்லை. உஷாவின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் நின்றுபோனதால் மற்ற இருவரும் சுருங்கிவிட்டார்கள், அதனால் உஷாவும் கொஞ்சம் சுருங்கித்தான் போனார். இப்படிப்பட்டவர்களைத் தாண்டித்தான் அவர் ஊர்விட்டே வெளியே போனார் என்பது மறந்துபோகிறதல்லவா?

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, அது உஷா மேல் இல்லை. 55.42 என்பது தடை ஓட்டத்துக்குப் புதுசான ஒரு இருபது வயசுப் பெண்ணின் நேரம். அதற்குப் பிறகு அந்த நேரத்தை அவர் தாண்டவே இல்லை. அவர் உச்சத்தில் இருந்த 1985, 86, 87-ல் தடை ஓட்டம் ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தால்? உலகம் அப்போது 53-க்குப் போய்க்கொண்டிருந்தது. நாமோ அவரை 100, 200, 400, தொடர் ஓட்டம் இரண்டு என்று எல்லாவற்றிலும் இறக்கி, பதக்கப் பட்டியலில் இந்தியாவின் மானத்தை ஒரே பெண்ணின் முட்டியில் கட்டித் தொங்கவிட்டோம். 1988-ல் சியோல் ஒலிம்பிக்ஸுக்குக் குதிகால் காயத்தோடு போய், ஹீட்ஸிலேயே வெளியே வந்தார். ஊரில் அவரைப் பற்றிப் பேசிய பேச்சைத் திரும்ப எழுதக் கூசுகிறது. மறு வருஷம், 1989-ல், டெல்லி ஆசிய சாம்பியன்ஷிப்பில் நாலு தங்கம், இரண்டு வெள்ளி வாங்கினார். பேசியவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகு 1998-ல் ஃபுகுவோகாவில் 200, 400 இரண்டிலும் வெண்கலம், 4x100-ல் தங்கம். ஆசிய சாம்பியன்ஷிப்பில் மொத்தம் 23 பதக்கம், அதில் 14 தங்கம். 1983-ல் தொடங்கியது 1998 வரை. லிடியாவிடம் இது இல்லை. சீ செங்கின் உச்சம் உயரம், ஆனால் காயத்தால் சீக்கிரம் முடிந்துவிட்டது. பல ஓட்டங்கள், பல வருஷங்கள், பல எதிரிகள் என்று எடுத்துக்கொண்டால் அந்தக் கால ஆசியாவில் உஷாவுக்குப் பக்கத்தில் வைக்க ஆளில்லை என்பது என் தீர்ப்பு. 100 மீட்டரை மட்டும் பிலிப்பைன்ஸ்காரர் எடுத்துக்கொள்ளட்டும்.

அவரிடம் இதைச் சொன்னபோது மறுப்பு எதுவும் சொல்லவில்லை. லிடியா 2022 ஆகஸ்டில் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனதைச் சொன்னார். 57 வயசு.

அந்த 55.42 என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: 39 வருஷம் இந்தியாவில் யாரும் அதைத் தொடவில்லை. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியின் ஹீட்ஸில் ஒரு பெண் சரியாக 55.42-ல் ஓடி முடித்தாள். நூறில் ஒரு பங்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுநாள் ஃபைனலில் 55.68, வெண்கலம். வித்யா ராம்ராஜ், கோயம்புத்தூர்ப் பொண்ணு.